துவைக்காத புடவையும் ‘வீ வில் ஸீ’யும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

கண்ணில் நீர் வடிவது நின்றதா? அக்கா இதைப் படித்துக் காட்டும்போது நடுவில் எதையும் விழுங்காமல் படிக்கச் சொல். நான் நன்றாக இருக்கிறேன்.

இந்தச் சலவைக்கூடத்தில் ‘ஸீ’ என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளலாம். புரிந்தால் ‘ஐ ஸீ’, கிளம்பினால் ‘ஸீ யூ’. நான் புரியாததற்கும் ‘ஐ ஸீ’ என்று தலையாட்டிவிடுவேன். நேற்று அப்படி ஆட்டியதில் வெள்ளை விரிப்பெல்லாம் நீலமாகிவிட்டது. சிரிக்காதே. சூப்பர்வைசரம்மா திட்டவில்லை, பெருமூச்சு விட்டதோடு சரி.

அந்த நேரம் பார்த்தா உன் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்பேன்? கேட்டுவிட்டேன். “வீ வில் ஸீ” என்றாள்.

“பாக்கலாம்னு சொல்றாங்கடி, பயப்படாதே” என்றாள் கூட வேலை செய்கிறவள். நம் வீட்டில் அப்பா “பாக்கலாம்”னு சொன்னதில் எதும்மா நடந்திருக்கு? அதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு, தலையணையில் சுற்றிக்கொள்ள. துவைத்துவிடாதே.

ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. கட்டுப் பிரித்ததும் முதலில் சின்னவள் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிக்காதே அம்மா. எதிரே யார் நின்றாலும் கண்ணைத் திற.

உன் சின்னவள்