வளைந்த பச்சைக்கோடு

நவம்பர் 8, சனி

காலையிலிருந்து தூறல். எதிர் மலை தெரியவில்லை. மூன்று நாள் துணி சமையலறைக் கொடியில், எல்லாவற்றிலும் புகை வாசம்.

கேமரா வந்துவிட்டது. பத்தரை மணிக்கு. கூரியர்காரர் மழைக்கோட்டுக்குள் குழந்தையை வைத்திருப்பதுபோல் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. கருப்பு. தூக்கினால் மட்டும் கனம் தெரிகிறது. இந்த விலைக்கு ஒரு புது ஸ்கூட்டர் வாங்கலாம்.

இவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனூண்டுக்கா அவ்வளவு?"

"ஏனுங்க, தங்கமும் இத்தனூண்டுதான்."

"தங்கத்த அடகு வைக்கலாம் மல்லி."

பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்தேன்.

பிடிக்கவில்லை என்றால் 18ஆம் தேதிக்குள் திருப்பி அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டும். அதற்குள் முடிவு.

வைத்துக்கொள்ள:
- முப்பத்தொரு வருடம் துப்பாக்கி மருந்து பாக்டரியில் குமாஸ்தா. உள்ளே கேமரா என்று வாயால் சொன்னாலே செக்யூரிட்டி திரும்பிப் பார்ப்பான். காலை ஷிப்டுக்குப் போகும்போது முள்வேலி முழுக்கப் பனி. ஒன்றையும் எடுத்ததில்லை.
- என் ஓய்வுப் பணம்.
- போனில் எடுத்தால் பனி சாம்பலாகிவிடுகிறது.

திருப்பி அனுப்ப:
- நனையக்கூடாதாம். இந்த ஊரில்!
- மகள் கீதா சிரிப்பாள்.
- இவர் சாகும்வரை விலையைச் சொல்லிக்காட்டுவார்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. வெளியே போக வழியில்லை. சர்ச்சுக்குப் போன பக்கத்துத் தெரு மேரி பாதியில் திரும்பிவிட்டதாகப் போன் செய்தாள்.

லென்ஸைச் சோதிக்க, நேர்கோடு உள்ள சுவரை எடுத்துப் பார்க்கவேண்டுமாம். யூடியூப்பில் ஒருவர் அரை மணி நேரம் அதையே சொன்னார். ஓரம் மங்குகிறதா, கோடு வளைகிறதா, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கென்றே கட்டியதுபோல் ஒரு சுவர் இருக்கிறது. பின்வாசலுக்கு எதிரே, ஏழெட்டு அடி தள்ளி, மலையை வெட்டிய இடத்தில் தடுப்புச்சுவர். இரண்டு ஆள் உயரம். அதற்கு மேலேதான் ஆட்டோ ஓட்டும் ப.சாமியின் வீடு. சுவரின் விளிம்பை ஒட்டியபடி அவர்கள் பின்னறை, பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அவர் அப்பா அதில்தான்.

மே மாதம் கீதா கல்யாணத்துக்கு அதைப் பூசி, சந்தன நிறம் அடித்து, குறுக்கே ஒரு பச்சைக்கோடும் இழுத்தோம். நலங்கு பின்வாசலில்தான் நடந்தது. அதுவரை சுவரில் பதித்த ஐந்து குழாய்களிலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், வடிந்த தடம் துருப்பிடித்ததுபோல் இருக்கும். அந்தோணி கொத்தனார் அடைக்க மாட்டேன் என்றார். "மலைத்தண்ணி வெளிய வந்தாத்தானுங்க சுவரு நிக்கும்." போட்டோவில் அசிங்கமாகத் தெரியும், கல்யாணம் முடிந்ததும் திறந்துகொள்ளலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சிமெண்ட் வைத்து அடைத்து மேலே பெயின்ட். அப்புறம் யார் திறந்தது. சுவரும் சுத்தமாக இருந்தது, நானும் விட்டுவிட்டேன்.

துவைக்கிற கல்மேல் கேமராவை வைத்து, எட்டு படம். ஓரம்வரை தெளிவு. பெயின்டுக்கு அடியில் அடைத்த ஐந்து வட்டங்கள்கூடத் தெரிகின்றன, கண்ணுக்குத் தெரியாதவை. இவ்வளவு கூர்மையா! கல்லில் கேமரா நின்ற இடத்தைக் கரித்துண்டால் குறித்துவைத்தேன். நாளையும் அதே இடம்.

நவம்பர் 10, திங்கள்

இரவெல்லாம் கொட்டியது. பர்லியாறு பக்கம் மரம் விழுந்து மேட்டுப்பாளையம் பஸ் இல்லை. பால் வரவில்லை, கட்டங்காப்பி.

பச்சைக்கோடு நடுவில் மேலே வளைகிறது. லேசாக, புருவம்போல். நேற்றைய படத்தைப் பார்த்தேன். அதில் நேர்தான், அல்லது நேர் மாதிரி. நான் சரியாகப் பார்க்கவில்லையோ.

ஏமாற்றமாக இருந்தது. இந்த விலைக்கு நேர்கோட்டை நேராகக் காட்ட வேண்டாமா?

இவர்: "என்னமோ உசத்தி உசத்தின்ன?"

மதியம் பஜ்ஜி. கடலை மாவு தீர்ந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை நிற்கவில்லை. படத்தில் வளைவு கூடியிருக்கிறது. கல், கரிக்குறி எல்லாம் அதே இடம்.

கம்பெனிக்குப் போன். "வைட்ல எடுத்தா கொஞ்சம் பெண்ட் ஆகும் மேடம், நார்மல்தான்" என்றாள் ஒரு பெண். கொஞ்சமா இது? புகார் எழுதிவைத்தேன்: லென்ஸ் கோளாறு.

பதினோரு மணிக்கு ப.சாமி வந்தார். ஆட்டோ ஓட்டம் இல்லை, மழையில் யார் ஏறுவார்கள். இவரிடம் இழைப்புளி கேட்டார்.

"அப்பா ரூம்பு கதவு ரெண்டு நாளா சாத்த மாட்டேங்குதுங்க. மழைக்கு மரம் ஊதிக்கிச்சாட்ட இருக்குது."

அவருக்குப் படத்தைக் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியுமா, வாங்கியது அதற்குத்தானே.

"என்னங்கக்கா, உங்க சுவரு தொப்ப போட்டிருச்சு!"

"சுவரு இல்ல ப.சாமி, லென்ஸ் கோளாறு. திருப்பி அனுப்பப் போறேன்."

"அட, நாங்கூட பயந்துட்டனுங்க."

மூன்று பேரும் சிரித்தோம். இழைப்புளியை எடுத்துக்கொண்டு போனார். மாலைவரை மேலே மரம் சீவுகிற சத்தம்.

நவம்பர் 12, புதன்

ஒரு மணி நேரம் வெயில்! ஏழு மணிக்கே தேயிலைத் தோட்டத்துக்கு ஓடினேன். ஸ்வெட்டரை மறந்து.

கவாத்து வெட்டிய சரிவில் ஒற்றைக் காட்டெருமை. மூக்கிலிருந்து ஆவி. நடுவே பனி, பின்னால் வெயில் ஒரே ஒரு கோடாக. இருபதடி தள்ளி நின்று எடுத்தேன். அது என்னைப் பார்த்தது. ஓடவேண்டும் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இமையில் நீர்த்துளி. ஐம்பத்தொன்பது வயதில், நான் எடுத்த படத்தைப் பார்த்து நானே அழுகிறேன். இதைத் திருப்பி அனுப்புவதா? மாட்டேன். கோடு வளைந்தால் வளையட்டும், நான் என்ன சுவரையா எடுக்கப்போகிறேன்.

மறுபடி மழை. காலை ஒன்பதுக்குள் இருட்டிவிட்டது.

வழக்கம்போல் கல்லில் வைத்து ஒரு படம். இன்னும் அதிகம். லென்ஸ் இப்படி நாளுக்கு நாள் கெடுமா? ஈரம் உள்ளே போயிருக்கலாம். அப்படியென்றால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வேண்டாம், திருப்பிவிடுவதே நல்லது. காலையில் ஒரு முடிவு, மாலையில் ஒரு முடிவு. என்னை நினைத்தால் எனக்கே எரிச்சல்.

பின்வாசலில் மண்வாசனை. மழை இவ்வளவு பெய்தபிறகு மண்வாசனை வராதே.

நவம்பர் 13, வியாழன்

வரிசையாக எழுதிவிடவேண்டும்.

காலை: திருப்பி அனுப்பும் படிவம். கோளாறுக்குச் சான்றாக இரண்டு வெவ்வேறு பொருள்களை எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. சுவர் படம் இருக்கிறது. இன்னொன்றுக்குச் சமையலறை டைல்ஸை எடுத்தேன்.

கோடு நேர். ஸ்கேல் வைத்ததுபோல் நேர். கதவு நிலை, நேர். பீரோ, நேர். மாதக் காலண்டரின் கட்டங்கள், எல்லாம் நேர்.

லென்ஸில் ஒன்றுமில்லை.

ஐந்து நாள் அந்தச் சுவரைத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பக்கவாட்டில் போய் நின்று கண்ணால் பார்க்கவில்லை. குடையோடு ஓரத்துக்குப் போனேன். நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. இவரைக் கூப்பிட்டேன். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு பக்கம் சணலைப் பிடித்தோம். நடுவில் முட்டி வளைந்தது. இவர் பக்கம் சணலுக்கும் சுவருக்கும் இடையே கை நுழைகிறது. இவர் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தோணிக்குப் போன்.

"அடச்சத தெறந்தீங்களாக்கா?"

"இல்ல அந்தோணி."

"இப்ப கைய வச்சிராதீங்க. உள்ள பூராச் சேறாக் கெடக்கும். சுவத்த விடுங்க, மொதல்ல ஆளுங்கள மாத்துங்க. மேல இருக்கறவங்களையுந்தான்."

மேலே போனோம். ப.சாமி மனைவி ராணி மாமனாருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், பெரியவர் கட்டில் சுவரோரம். ப.சாமியிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"லென்ஸ் கோளாறுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"அது தப்பு. நான் சொன்னது தப்பு."

"இந்த மழைல அப்பாவ எங்க தூக்கிட்டுப் போறதுங்க? மூத்திரப் பையோட. காலைல பாப்போம்."

ராணி என் முகத்தையே பார்த்தாள். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

குழாய் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். இவர் கையைப் பிடித்து இழுத்தார். படியிறங்கும்போது: "அது இப்ப எதுக்கு? சண்டையாயிரும். மொதல்ல வெளிய வரட்டும்." சரி என்று பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது.

வி.ஏ.ஓ.வுக்குப் போன். காலையில் வருகிறாராம், பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்கச் சொல்கிறாராம்.

நாங்கள் முன்னறையில் படுத்தோம். செருப்போடு.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளிக்கூட வராந்தா. மதியம்.

நடந்தது: ஏழு மணிக்குக் கேமராவோடு மேலே போனேன். ஞாயிறிலிருந்து ஒவ்வொரு நாள் படத்தையும் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டினேன். வேகமாகத் தட்டினால் சுவர் மூச்சு இழுப்பதுபோல் முன்னால் வருகிறது. ப.சாமி மூன்று தடவை பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். பச்சைக்கோட்டை மட்டும் பெரிதாக்கினேன். அதற்குக் கீழே அந்த ஐந்து வட்டங்கள். விரலால் படத்தைக் கீழே தள்ளி மறைத்தேன்.

போர்வையில் அப்பாவைக் கிடத்தி, இவரும் அவரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினார்கள். பெரியவருக்குப் பேச்சு வராது, கண்ணால் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்பது மணிக்கு எல்லோரும் பள்ளிக்கூடத்தில்.

வி.ஏ.ஓ. பத்து மணிக்கு. சுவரை எட்ட நின்று பார்த்தார்.

"தண்ணி வடியக் கொழாயே வைக்கலீங்களா இதுக்கு?"

"பழைய சுவருங்க" என்றேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

ஒரு மணிக்குக் குருமாவும் சப்பாத்தியும் கோயில் கமிட்டியிலிருந்து. ப.சாமி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, அத ஒருக்கா குடுங்க." கொடுத்தேன். கேமராவை இரண்டு கையிலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க அப்பன் உசுரு இதுலதானுங்க இருந்துச்சு. திருப்பிக் கிருப்பி அனுப்பிறாதீங்க."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை இல்லை.

வாங்கத் தகுந்த கேமராதான். ஒளித்துவைத்ததையெல்லாம் காட்டிவிடுகிறது. வட்டங்கள் தெரிகிற, ஞாயிறு எடுத்த அந்த எட்டுப் படத்தை அழித்துவிடலாமா என்று கழிப்பறைக்குள் போய் நின்று யோசித்தேன். அழிக்கவில்லை. ராணியும் ப.சாமியும் சேர்ந்து இருக்கும்போது இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டரைக்கு மழை சற்று விட்டது. ராணி வந்தாள்.

"அக்கா, மாமாவோட ஃபிட்ஸ் மாத்திரை அந்த ரூம்புலயே இருக்குதுங்க. ஓடிப் போயி எடுத்துட்டு வந்தர்றேன். அஞ்சு நிமிசம். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுல்ல?"

பழைய சுவராயிற்றே, இத்தனை நாள் நின்றது அஞ்சு நிமிடம் நிற்காதா என்று அவள் நினைத்திருப்பாள். போகாதே என்று நான் கத்தினால் ஏன் என்று கேட்பாள். குழாய் என்று சொல்லவேண்டி வரும், அவளிடம் தனியாக.

ஆகாது என்பதுபோல் தலையாட்டினேன்.

மணி மூன்று பத்து. மறுபடி கொட்டுகிறது. ப.சாமி அப்பாவுக்குத் தண்ணீர் புகட்டிவிட்டு வராந்தாவுக்கு வருகிறார். அங்கும் இங்கும் பார்க்கிறார். என்னிடம்தான் வருகிறார்.

"அக்கா, ராணியப் பாத்தீங்களா?"