சங்குமுனை மதிலை எழுப்பவா, இடிக்கவா

கடல் காக்க, கரை வாழ்க. செங்கழி நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மகாராசா வேங்கைராயரின் திருவடி நிழலிலிருந்து பிரதானி மருதப்பன் எழுதுவது. சங்குமுனைக் கோட்டைத் தளவாய், போர்முகத்தில் புறங்காட்டாத இரகுபதியார் கண்டு தெளிக. உமக்கும், உமது வீரர்க்கும், மதிலை ஒட்டிக் குடியிருக்கும் பரதவர் குடும்பங்களுக்கும் ஒரு தீங்கும் வாராதிருக்க வேண்டுகிறோம். இம்முறை இது வழக்கத்துக்காக எழுதும் வேண்டுதல் அன்று.

ஆங்கிலேயக் கப்பித்தான் வில்மோட்டு துரை முந்தாநாள் அவையில் உடன்படிக்கைக் காகிதத்தை வாசித்ததும், பண்டகசாலைக்கு இடம் தந்ததற்கு நன்றியாகச் சங்குமுனை மதிலைத் தம் செலவில் உயர்த்தித் தருவார் என்று துபாஷி அரங்கப்பர் அதைத் தமிழில் சொன்னதும், மகாராசா மனமகிழ்ந்து முத்திரை இட்டதும் நீர் அறிவீர்.

துபாஷி பொய் சொல்லவில்லை. துரை வாசித்த சொல் ரேஸ். அதற்கு எழுப்பு, உயர்த்து என்று பொருள். ஆனால் அதே ஒலியில் அவர்கள் மொழியில் இன்னொரு சொல்லும் உண்டாம். அதற்கு இடித்துத் தரைமட்டமாக்கு என்று பொருளாம். காதுக்கு இரண்டும் ஒன்று. நம் எழுத்தில் எழுதினாலும் ஒன்று. அவர்கள் எழுத்தில் மட்டும் ஓரெழுத்து குறையும், ஓரெழுத்து மாறும். இன்று காலை பிரதி எடுக்கக் காகிதத்தை விரித்த துபாஷி, பாம்புபோல் வளைந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மின்னல்போல் முறிந்த எழுத்து நிற்கக் கண்டு, வியர்த்து விறுவிறுத்து எம்மிடம் ஓடிவந்தார்.

துரையை அழைத்துக் கேட்டோம். அது எழுத்தனின் கைப்பிழை என்றும், தங்கள் நாட்டில் படித்தவர்களே இவ்விரு சொற்களில் தடுமாறுவதுண்டு என்றும், வெள்ளிக்கிழமை வேறு காகிதம் தருவதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எமக்குப் பிடிக்கவில்லை. மகாராசா நம்பிவிட்டார். உச்சிவேளையில் உமது ஓலை வராதிருந்தால் யாமும் நம்பியிருப்போம்.

துரையின் கப்பலிலிருந்து கல்லும் சுண்ணாம்பும் இறங்கவில்லை, கடப்பாரைகளும் பீப்பாய்களும்தான் இறங்கின என்று எழுதியிருக்கிறீர். பீப்பாயில் என்ன என்று கேட்டதற்கு, மருந்து என்று அவர்கள் ஆள் நல்ல தமிழிலேயே சொன்னதாகவும், காய்ச்சல்காரர்களுக்கு ஆகும் என்று இரக்கப்பட்டு மதிலடிக் கிடங்கில் நீர் இடம் தந்ததாகவும், நாளை விடியலில் வேலை தொடங்குவதாக அவர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர். தளவாயே, பீரங்கிக்கு இடுவதையும் நாம் மருந்து என்றுதானே சொல்கிறோம்! அவர்கள் சொல்லில் யாம் ஏமாந்தோம். நம் சொல்லிலேயே நீர் ஏமாந்தீர்.

ஆகையால் இவ்வோலை கண்ட கணமே, கிடங்குப் பக்கம் பந்தமோ சுருட்டோ அணுகாமல் காவலிட்டு, பரதவர் குடும்பங்களைத் தாழந்தோப்புக்கு அப்பால் அனுப்பி, துரையின் ஆட்களைப் பிடித்துக் கட்டி, பீப்பாய்களைக் கடலில் உருட்டிவிடுக. துரையை விருந்து என்ற பெயரில் இங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம். மகாராசாவின் சித்தத்தை இனிமேல்தான் கேட்க வேண்டும்; குற்றம் என்றால் அது எம் தலையோடு போகட்டும்.

பிரதானியின் மீன் முத்திரை இட்டு, விரைகுதிரையில் விடுத்தோம். மதில் நிற்கையில் இது உம் கைக்கு வரும் என்று நம்பியே எழுதினோம். விழுந்திருந்தால் செய்ய வேண்டியதை இதில் எழுதவில்லை. அதைப் படிக்க அங்கே எவரும் இரார்.