தமிழ்ச்செல்வனுக்கு வந்த பச்சைக்கல்

துடியலூர்
12.2.97

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மற்றபடி சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் நோவு நொடி இல்லாமல் இருக்க மாசாணியம்மனைத்தான் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. படித்து மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன், அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. உன் தம்பி போய் மூன்று மாசம் ஆகிறது, இன்னும் சாயங்காலம் ஆனால் சைக்கிள் சத்தத்துக்குக் காது போகிறது, அதில் நீ வேறு இப்படி எழுதினால் நான் எந்தப் பக்கம் பார்த்து அழுவது சொல்லு. நான் அனுப்பின மோதிரம்தான் தம்பி தமிழ்ச்செல்வனைக் கொன்றது, என் கை ஆகாத கை, பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன், இங்கேயே பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், நீ இப்படிப் பேசலாமா கண்ணு.

இதை உனக்குச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். நீ போன் செய்தபோது நான் வந்து எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்புஜத்தக்கா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சைக்கல்லுதான் பையனை வாங்கிப்போட்டுது அம்மணி, மேஷ ராசிக்காரனுக்குப் பச்சை ஆகாதாம், ஊரே சொல்லுது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன், துக்கத்துக்குப் பதினாறு நாளும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். பெரியாஸ்பத்திரியில் ஒரு காகிதக் கவரில் போட்டு மோதிரத்தைக் கொடுத்தார்கள், அதை வாங்கிக் கழுவினதும் அவள்தான். கல் பச்சையாக இருந்ததைக் கண்ணால் பார்த்தாள், அதனால் சொன்னாள். ஆனால் அவள் பார்த்தது நீ அனுப்பின கல் இல்லை.

அதைத்தான் எழுத வந்தேன், சுற்றி வளைக்கிறேன். போன மே மாசம் உன் கூட வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன் லீவில் வந்தபோது மோதிரத்தைக் கொடுத்தனுப்பினாய் அல்லவா, கூடவே கடிதத்தில், இங்கே பிலிப்பைன் பெண்களெல்லாம் பிறந்த மாசத்துக்கு ஒரு கல் என்று வைத்திருக்கிறார்கள், மே மாசத்துக்கு மரகதம், தம்பி மே இருபதாம் தேதிக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு உயிரே வந்ததுபோல இருந்தது. அன்றைக்கே போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனான். வந்து, அம்மா, இதைப் பார்த்துட்டு ரெண்டு பேர் எனக்குப் பொண்ணே குடுக்கறேன்னு சொல்லிப்போட்டாங்க, நீ இனிமே தேடவே வேண்டாம் என்று சிரித்தான். விரலில் கொஞ்சம் லூசாக இருந்தது. லேத்து மெஷினில் நிற்கிறவன், கழன்று விழுந்துவிடுமே என்று நான்தான் அவனிடம் வாங்கிக்கொண்டு பாலுசாமி ஆசாரியிடம் போனேன். அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல கல்லுங்க, பையன் என்ன ராசிங்க என்று கேட்டார். மேஷம் என்றேன். அவர் மோதிரத்தைக் கீழே வைத்துவிட்டார். மேஷத்துக்குப் பச்சை ஆகாதுங்க அம்மணி, பவளந்தான் போடோணும், வெளிநாட்டுக்காரங்க மாசத்தைப் பார்ப்பாங்க, நாம ராசியைத்தான் பார்க்கோணும், நான் சொல்லிப்போட்டேன், அப்புறம் உங்க இஷ்டமுங்க என்றார்.

கழற்றிப் போடு என்று அவனிடம் சொன்னால் கேட்கமாட்டான், ஏன் என்பான், உனக்கு எழுதுவான், ஆசையாக வாங்கி அனுப்பினவள் மனசு என்ன பாடுபடும் என்று யோசித்தேன். அப்புறம் ஆசாரியிடமே, இதே மாதிரி ஒரு பச்சைக் கண்ணாடி வைத்துக் கட்டித் தர முடியுங்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டிப்போடலாமுங்க, பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியாதுங்க, ஆனா இங்கே பெத்தவளே வந்து கேக்கறீங்களே என்றார். இரண்டு நாளில் கட்டிக் கொடுத்தார். நிஜக் கல்லைத் தாளில் மடித்துத் தந்தார், அது இன்னும் அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குள் இருக்கிறது. உன் தம்பி மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, அம்மா, ஆசாரி கழுவிக் குடுத்ததும் முன்னைக்கு இப்போ நல்லா மின்னுது என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆறு மாசம் அவன் போட்டிருந்தது வெறும் கண்ணாடி. பெரியநாயக்கன்பாளையத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவன் மேல் உருளைக்கிழங்கு லாரி ஏறினபோதும் கையில் இருந்தது அதுதான். நீ அனுப்பின கல் அன்றைக்கு இந்த வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. இதை முன்னாடியே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும், சொல்ல வாய் வரவில்லை. கல்லை மாற்றாமல் விட்டிருந்தால் அது அவனைக் காப்பாற்றியிருக்குமோ என்று எனக்குள்ளேயே ஒன்று இத்தனை நாளாய் அரித்துக்கொண்டு இருக்கிறது. நீ அனுப்பினதால் போனான் என்று நீ அழுகிறாய், நான் எடுத்ததால் போனான் என்று நான் அழுகிறேன். இரண்டு பேர் சொல்வதும் ஒரே சமயத்தில் எப்படி நிஜமாகும்.

உன் அப்பாவிடம் புதன்கிழமைதான் சொன்னேன். திட்டுவார் என்று இருந்தேன். ஏம் புள்ள, கல்லுக்குப் பயந்து கல்லை மாத்திப்போட்டே, லாரிக்குப் பயந்து எதை மாத்துவே, பிரேக் புடிக்காம வந்தவனுக்கு இவன் மேஷமா ரிஷபமான்னு தெரியுமா என்றார். அன்றைக்கு அவனுக்குப் பின்னாலேயே வந்த இன்னொரு பையனும் அடிபட்டான், கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். அவன் விரலில் ஒரு மோதிரமும் இல்லை. வெறுங்கைதான் ராசி என்று யாராவது சொல்வார்களா.

இன்னொன்றும் கேள். மே இருபது என்பதும் நான் செய்த கோளாறுதான். அவன் பிறந்தது ஐப்பசி அடைமழையில். நாலரை வயசில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்விட்டேன், நானும் உன் அப்பாவும் விடிந்தால் கூலிக்குப் போகவேண்டும், பள்ளிக்கூடத்தில் விட்டால் மத்தியானச் சோறாவது கிடைக்குமே என்றுதான். ஐந்து முடிந்தால்தான் சேர்க்க முடியும் என்று வாத்தியார் சொன்னார், நான் கெஞ்சினேன், அவரே மே இருபது என்று எழுதிக்கொண்டார். நீ அவனுக்கு ஐ.டி.ஐ. அப்ளிகேசன் எழுதும்போது சர்டிபிகேட்டில் அதைப் பார்த்துத்தான் மனசில் வைத்திருக்கிறாய். ஐப்பசிப் பையனுக்கு மே மாசக் கல் வாங்கினது உன் தப்பா, பொய்த் தேதி கொடுத்த என் தப்பா. உன் தேதியும் அப்படித்தான். நீ பிறந்தது மாசியில், கோனியம்மன் தேருக்கு மறுநாள். இங்கிலீஷ் தேதி எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வாத்தியார் ஜூன் இரண்டு என்று போட்டார். ஜூன் மாசத்துக்கு முத்து என்று ஏழு வருசமாக விரலில் போட்டிருக்கிறாயே, மாசியில் பிறந்தவளுக்கு அது என்ன கெடுதல் செய்தது, உத்தியோகம் இல்லையா, நல்ல மாப்பிள்ளை இல்லையா, வயிற்றில் பிள்ளை இல்லையா. மாசம் தப்பான கல் ஆளைக் கொல்லும் என்றால் முதலில் நீயல்லவா போயிருக்கவேண்டும். கோபத்தில் எழுதிவிட்டேன், எழுதினதைப் பேனாவால் அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

அம்புஜத்தக்காவிடமும் நேற்றுச் சொல்லிவிட்டேன். அட சாமி, கண்ணாடியா, நான் பச்சைப்புள்ளைகிட்டே என்னவெல்லாம் உளறிப்போட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். உடனே, அப்போ அந்த நிஜக் கல்லைக் கோயில் உண்டியலில் போட்டுரு பாவாத்தா என்று ஆரம்பித்தாள். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு என்று ஆசைப்பட்டு வாங்கினது, அதற்கு ஒரு பாவமும் இல்லை. உனக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள், வேண்டாம் என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

ஏழாம் மாசம் தாண்டினால் ஏரோபிளேனில் ஏற்றமாட்டார்கள் என்று நீதான் முன்னே ஒரு தடவை எழுதியிருந்தாய். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதற்காக மட்டும் கூப்பிடவில்லை. எனக்கு உடம்பில் தெம்பில்லை கண்ணு, காலையில் எழுந்தால் யாருக்காக எழுகிறோம் என்று இருக்கிறது. ஒரு பிள்ளையை எமன் கொண்டுபோனான், அதை என்னால் தடுக்க முடியவில்லை. இன்னொரு பிள்ளை தானாகவே வரமாட்டேன் என்று அங்கே உட்கார்ந்துகொண்டால் அதை நான் எப்படித் தாங்குவது. உன் கையில் ஒரு கெடுதலும் இல்லை. அவன் கடைசிவரைக்கும் அக்கா வாங்கிக் குடுத்தது என்று சொல்லிச் சொல்லித்தான் சந்தோசப்பட்டான், அந்தச் சந்தோசம் நீ கொடுத்தது, அதில் கண்ணாடி இல்லை. வந்து சேர்.

சாப்பாட்டை விடாதே, இரண்டு பேருக்குச் சாப்பிடவேண்டும். மாப்பிள்ளையை நாங்கள் கேட்டதாகச் சொல். பதில் தபாலில் போட்டால் பதினைந்து நாள் ஆகிவிடும், அதனால் இது கிடைத்தவுடன் அம்புஜத்தக்கா வீட்டுக்குப் போன் செய், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் நான் அங்கேயே இருப்பேன், இந்தத் தடவை ரிசீவரை நான்தான் எடுப்பேன். மாசாணியாத்தா உன்னையும் பிள்ளையையும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
பாவாத்தாள் சென்னியப்பன்