ஒற்றைக் கையுறை போட்ட குள்ளன்

கொலராடோ,
1991 அக்டோபர், கிழங்கு தோண்டி முடித்த வாரம்.

அன்பு மருமகள் கிளென்னாவுக்கு, ஆர்வில் மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே சொன்ன ஒரே ஆள் நான்தான். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இறங்கி, அந்தப் புத்தகக்கார லைமன் பிராட்டின் வண்டியில் ஏறி, அரிசோனா பாலைவனத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாய் என்று கோடைகாலத்திலேயே நாலு பேர் முன்னால் சொன்னேன். நான் சொன்னது இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும் என்பது மட்டும்தான் என்று உன் அம்மா சாதிக்கிறாள். ஆர்லிஸுக்கு எப்போதுமே ஞாபகம் போதாது.

இங்கே விளைச்சல் அபாரம். ஒரு கிழங்கு என் தலை பெரிசு. அதை வெட்டிப் பச்சை மிளகாய்க் கறியில் போட்டு வாரம் முழுக்கச் சாப்பிட்டோம். அதாவது நான் சாப்பிட்டேன். உன் அம்மா தட்டில் போட்டுக்கொண்டு தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். உன் படுக்கை விரிப்பை வாராவாரம் துவைத்து மறுபடி விரிக்கிறாள். யாரும் படுக்காத விரிப்பை ஏன் துவைக்கிறாய் என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே நீ உறைந்துபோவதும், தெளிந்து பார்த்தால் பொழுது எங்கேயோ போயிருப்பதும் எனக்குத் தெரியும். டென்வர் டாக்டர் படம் எடுத்துத் தலைக்குள் கட்டி என்றார். லைமன் அதே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டி இல்லை, வானத்திலிருந்து வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் வைத்த கருவி, அதில் கை வைத்தால் பிழைக்க மாட்டாய் என்றான். நீ அவனை நம்பிவிட்டாய்.

நம்பியதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அவனுடைய முதல் சாட்சியே நான் அல்லவா. அவன் புத்தகத்தில் என் படத்தைத்தான் பெரிதாகப் போட்டான். அதில் நான் சொன்னது இதுதான்: மலைப்பாதையில் வெளிச்சம், வண்டி தானாக நின்றுபோவது, குளிர்ந்த மேசை, பெரிய பெரிய கண்கள், வாயைத் திறக்காமலே பேசுவது, வீடு திரும்பினால் கடிகாரம் எங்கேயோ ஓடியிருப்பது. ஒஹையோவில் இருக்கிற பல் டாக்டரும் இதையே சொல்கிறார், மெயினில் நண்டு பிடிக்கிறவனும் இதையே சொல்கிறான். முன்பின் பார்க்காதவர்கள் ஒரே கதையைச் சொன்னால் அது கதை இல்லை என்பான் லைமன். அதைக் கேட்டு நான் எத்தனை மேடையில் தலையாட்டியிருக்கிறேன்.

அவன் தொழில் முறையும் உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் புத்தகத்தில் போடுவான், ஒன்றை மட்டும் போட மாட்டான். கூட்டத்தில் சொல்ல மாட்டான், பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான். அவன் மனோவசியம் செய்து ஆழ்த்துகிற மயக்க உறக்கத்தில் படுத்திருக்கிறவர் வாயிலிருந்து அந்த ஒன்று தானாக வந்தால் அவர் அசல் சாட்சி. அந்த ஒன்று, மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற குள்ளன். அவன் ஒரு கையில் மட்டும் சிவப்புக் கம்பளிக் கையுறை போட்டிருப்பான். நீ அவனைப் பார்த்ததாகச் சொன்னபோது லைமன் அழுதேவிட்டானாமே. உனக்கும் அன்றைக்குத்தான் டென்வர் டாக்டர் பொய்யராகிவிட்டார்.

கண்ணு, அந்தக் குள்ளனை முதலில் சொன்னவன் நான். லைமன் வாயைப் பூட்டிக்கொண்டான், நான் பூட்டவில்லை. லைமனின் சனிக்கிழமைக் கூட்டம் முடிந்து, ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவோமே, அங்கே குள்ளனைச் சொல்லாமல் நான் ஒரு கரண்டிகூட எடுத்ததில்லை. முடி வெட்டுகிற இடத்தில் சொன்னேன், பெட்ரோல் போடுகிற இடத்தில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கையுறைக்கு ஒரு பொத்தானாவது கூடும். கேட்டவர்கள் பிறகு லைமனிடம் போய் அந்த மயக்க உறக்கத்தில் படுத்தார்கள்.

உனக்கோ, எல்லாருக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்போது உனக்கு ஆறு வயது. உன் அம்மா பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறையில் ஒன்றை என் லாரியில் தொலைத்துவிட்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாய். என்ன செய்வேன்? வானத்திலிருந்து வந்த குள்ளன் ஒருவனுக்குக் கை விறைத்துப்போய், ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான் என்றேன். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இன்னொரு கைக்கு என்ன பண்ணுவான் மாமா?” என்று கேட்டாய். லாரிக் கதவைச் சரியாகச் சாத்தாதது நான், அதனால்தான் அது விழுந்தது. பின்னாளில் மலைமேல் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தது சத்தியம். லைமன் டேப்பை ஓடவிட்டு, அந்த வெளிச்சத்துக்குள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டதும் உன் குள்ளன் நினைவுக்கு வந்தான். அவனை அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க அனுப்பிவைத்தேன்.

இதைச் சொல்லத்தான் போன வாரம் அங்கே வந்தேன். ஒரு மூச்சில், எங்கேயும் நிற்காமல் ஓட்டினேன். நீ கதவுக்குப் பின்னால் இருந்தாய், உன் இருமல் கேட்டது. லைமன் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு என் தோளில் கை வைத்து, “பாவம் ஆர்வில், உங்களையுமா அந்த வானத்துக்காரங்க அப்படி நினைக்க வச்சுட்டாங்க? நானே கதை கட்டிவிட்டேன்னு எத்தனை பேர் இதே வாசல்ல நின்னு சொல்லியிருக்காங்க தெரியுமா? எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க” என்றான். அதையும் எழுதிக்கொண்டான். எனக்கு வாய் அடைத்துப்போனது. எனக்கு! ஊருக்குத் திரும்பிச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது.

உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, “என் பொண்ணைத் தூக்கிட்டுப் போனது வானத்துக்காரன் யாரும் இல்ல. உன் வாய்தான்” என்றாள். மிச்சம் இருக்கிற இன்னொரு கையுறையை எடுத்துக் கொடுத்து, இதையும் வைத்து அனுப்பு என்றாள். நான் வைக்கவில்லை. லைமன் அதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மேடையில் காட்டிவிடுவான்.

அந்த டென்வர் டாக்டர் கெஸ்லரிடம் ஃபோனில் நானே பேசினேன். என் குரலைக் கேட்டதும் மனிதர் எழுந்து நின்றிருப்பார். பட்டாணி அளவுதான், கிழங்கின் முளைக்கண்ணைத் தோண்டுகிற மாதிரி எடுத்துவிடலாம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் உட்கார்ந்து ஆப்பிள் பை சாப்பிடலாம் என்றார். நீ வந்து படுத்தால் போதும். லைமனிடம் சண்டை போட வேண்டாம். அம்மாவுக்கு முடியவில்லை என்று பொய் சொல்லிவிட்டு வா. பொய் சொல்ல வராவிட்டால் ஃபோன் பண்ணு, நான் சொல்லித் தருகிறேன்.

அங்கே எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினாலும் உன் தலைக்கு ஒரு கேடும் வரக்கூடாது.

உன் மாமா,
ஆர்வில்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் டாக்டர் சொன்னதாக எழுதிய இடத்தில் விரலை வைத்து, “இதையும் இப்படியே அனுப்பப் போறியா?” என்றாள்.

பட்டாணி என்று டாக்டர் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் என்றும் சொல்லவில்லை. வசந்தத்தில் பார்த்ததைவிடப் பெரிதாகியிருக்கும், இந்த மாதத்துக்குள் வந்தால் முயன்று பார்க்கிறேன், முயல்வதாக மட்டும்தான் சொல்ல முடியும், அதற்குப் பிறகு கொண்டுவந்து பயனில்லை என்றார். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. சுலபம் என்று சொன்னால் வருவாய் என்று நினைத்தேன்.

சுலபம் இல்லை கிளென்னா. இருந்தாலும் வா.