ஈரநிலத்துக்கு எழுதிய ஐந்து வரி

மார்ச் 4, செவ்வாய்

மாலைப் பிரார்த்தனையில் இருந்தவர்கள்: அவர், நான், அவருடைய தங்கை. வேறு யாருமில்லை. மகனுக்காக வேண்டிக்கொண்டோம். அவன் பெண்டாட்டியோடு வேறு ஊரில்.

பிரார்த்தனைப் புத்தகத்தை நான் எடுத்ததும் நாத்தனார், “அண்ணி, நேராப் புடிச்சிருக்கீங்களான்னு பாத்துக்கங்க” என்றாள். அவர் சிரித்தார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே நையாண்டி. எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவள்தான். மகனின் பழைய பாடப்புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டேன் என்பது இவர்கள் காதில் ஏறவே இல்லை.

இன்றைய பொய்: இல்லை. கோபம்: ஒன்று. விழுங்கியாச்சு.

மார்ச் 5, புதன்

ஏரியை ஒட்டிய ஈரநிலத்தைக் காப்பது பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னாராம் அதிகாரி. இவர்தானே நகராட்சியில் தலைமை எழுத்தர். ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நாத்தனார் தனியாக இருக்கும் வீடும் அந்தக் கரையில்தான்.

எழுதியதைக் கொடுத்து “எப்படி?” என்றார்.

மகனின் புத்தகத்தில் ஒவ்வொரு பத்திக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கும்: இதன் முக்கிய நோக்கம் என்ன? அதற்கு நானாக ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக விரலால் மூடுவேன். எதை மூடினால் மற்றதெல்லாம் வேலையில்லாமல் நிற்கிறதோ, அதற்காகத்தான் மீதி.

மழைநீரைத் தேக்கும் என்ற வரியை மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. அழுக்கை வடிகட்டும் — மூடினேன். பறவைகள் — மூடினேன். நாலாவது: ‘கரைவாசிகளாகிய நாங்கள் வீடுகளைக் காலி செய்யச் சம்மதிக்கிறோம்.’

“இது பறவைக்கு இல்லையே. உங்க தங்கச்சியக் கிளப்பறதுக்குல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “உனக்கே தெரியுதுன்னா அவளுக்குத் தெரியாதா?”

‘உனக்கே’யாம்.

அப்புறம் குரல் இறங்கியது. “தெரியாத மாதிரி மாத்த முடியுமா?” என்னிடம் யோசனை கேட்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 6, வியாழன்

மாற்றிக் கொடுத்தேன். ‘வீடு’ இல்லை, ‘காலி’ இல்லை. ‘நீர்ப்பறவைகள் கூடு கட்ட அமைதி வேண்டுமென்பதால் கரையை அவற்றுக்கே விட்டுக்கொடுக்கிறோம்.’ நடுவில் வைத்தேன். மேலேயும் பறவை, கீழேயும் பறவை.

“பொல்லாதவடி நீ” என்றார். பாராட்டுதான்.

இன்றைய பொய்: இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆண்டவனே, நீயே சரிபார்த்துக்கொள்.

மார்ச் 9, ஞாயிறு

காலைப் பிரார்த்தனை முடிந்து நாத்தனார் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். “நீ போனாத்தான் சந்தேகம் வராது” என்றார் அவர்.

நாத்தனார் உரக்கப் படித்தாள், ராகம் போடாத குறை. “எங்க அண்ணனா எழுதினான்? கட்டுரைன்னாலே அவனுக்குக் காய்ச்சல் வரும்.” மறுபடி படித்தாள். “முக்கியமா என்னதான் அண்ணி சொல்ல வர்றாங்க?”

கேட்டாள். கேட்கத்தான் செய்தாள்.

“பறவையக் காப்பாத்தணும்னு” என்றேன்.

“அதான. தெனம் அதுங்க மூஞ்சியிலதான முழிக்கறேன்.” கையெழுத்துப் போட்டுவிட்டாள். வெயிலில் வந்தேனென்று தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

இன்றைய பொய்: பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

அவள் பெயர் முதலில் இருந்ததால் மற்ற வீட்டுக்காரர்களும் போட்டுவிட்டார்களாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

கரை வீடுகளை இடித்தாயிற்று. மாற்று இடம் தருவதாக அதிகாரி சொன்னது வெறும் வாய்வார்த்தை. கரையில் இப்போது ஒரு வேலி. உள்ளே அதிகாரியின் மச்சானுக்கு விடுதி வரப்போகிறதாம்.

மத்தியானம் நாத்தனார் தகரப்பெட்டியோடு வாசலில்.

“பறவைக்கு என் வீடு, எனக்கு உங்க வீடு. கணக்கு சரியாப்போச்சு அண்ணி.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அது நீங்க எழுதினதாமே. அண்ணன் சொல்லிட்டான். பரவால்ல, நேராப் புடிச்சுத்தான் எழுதியிருக்கீங்க.”

சொல்லிவிட்டாரா. எதுக்குச் சொன்னார்? பழியை என் தலையில் கட்டிவிட்டுத் தங்கச்சிகிட்ட நல்ல பேரா?

ஏப்ரல் 28, திங்கள்

உப்பு ஜாடி இடம் மாறிவிட்டது. செலவுக் கணக்கையும் அவளே பார்க்கிறாளாம். அவர் ரெண்டாந்தடவை சோறு வாங்கிக்கொண்டார். “இப்பத்தான் சாப்பாடு மாதிரி இருக்கு.” இருப்பது இரண்டு அறை. என் பாயை அடுக்களையில் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்டா செய்தேன்?

மே 13, செவ்வாய்

மகனுக்கு எழுதிய கடிதத்தை அவர் நீட்டினார். “படி, உன்னப் பத்தித்தான்.”

‘உன் அம்மா ஒருநாள் சும்மா உட்கார்ந்ததில்லை. கணக்கில் பிசகமாட்டாள். அவள் கும்பிடும் வீட்டில் குறை வராது. உன் மனைவி மாசமாக இருப்பதால் அம்மாவை வந்து அழைத்துப்போ, குழந்தை பிறந்த பிறகும் அங்கேயே இருக்கட்டும். என்னைத் தங்கை கவனித்துக்கொள்வாள்.’

அடுக்களையில் நாத்தனார் தாளித்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்து மூடிக்கொண்டே வந்தேன்.

“நல்லாருக்கில்ல?” என்றார்.

“ஒவ்வொரு வரியும் உண்மை” என்றேன்.

மே 20, செவ்வாய்

அவர் கடிதம் போய் ஒரு வாரம். மகனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்று நானே தனியாக எழுதிப் போட்டேன். பறவை எதுவும் வைக்கவில்லை. ஒரே வரி:

அம்மாவுக்கு உன் வீட்டில் இடம் உண்டா இல்லையா, சீக்கிரம் பதில் போடு.