மாடியில் மூன்று பேர் வேண்டும்

அன்பு மகன் மகாராஜனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சொல்லும்படியான குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் சண்முகப்ரியாவும் குட்டிப்பயலும் அந்த ராட்டர்டாம் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்துத் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. இனிப்பையே தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "மக்ரூனை மட்டும் விட்ருங்க, மத்ததெல்லாம் நிறுத்திருதேன்" என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேரம் பேசினார். எனக்கு முழங்கால்தான், மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறேன். கடையில் வியாபாரம் மந்தம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்காரர்கள் வந்து கயிறும் பெயின்ட்டும் வாங்கினார்கள், அதோடு சரி. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் துறைமுகத்து நிலக்கரித் தூசி வந்து, காயப்போட்ட உன் அப்பா வேட்டியில் முதலில் உட்காருகிறது.

போனில் பேசாமல் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ "அப்புறம் பேசுதேம்மா" என்று சொல்லிவிடுகிறாய், உன் வேலை அப்படி, குறையாகச் சொல்லவில்லை. இதோடு சில தாள்களும் அனுப்ப வேண்டியிருந்தது. அது செல்லக்கிளியின் கதை. ஏன் அனுப்புகிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கடை மாடியில் நீ தொடங்கி வைத்த கதைக் கூட்டம் முடியப் போகிறது. நீ வெளிநாடு போகும்போது "நீங்க பாத்துக்கிடுங்கம்மா" என்று சாவியைக் கொடுத்தாய். நானும் ஓய்வுபெற்ற டீச்சர்தானே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் நானும் எழுதத் தொடங்கி, கூட்டத்தில் எல்லோரையும்விட வயதான புது எழுத்தாளி ஆனேன். சாகுபுரம் பக்கம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் செல்லக்கிளி, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் கிருபை, ஆலந்தலையிலிருந்து பைக்கில் வரும் ஆன்றோ, நான், ஆக நாலு பேர். நீ வைத்த வழக்கத்தைத்தான் கடைப்பிடித்தோம். எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது, வேறொருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதியவர் கயிற்றுச் சுருள் மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யாரும் பேனாவை எடுக்கக் கூடாது, எந்த இடத்தில் புரியவில்லை, எந்த இடத்தில் மனசு நின்றது என்று மட்டும் சொல்லலாம். படிக்கிறவர் தடுக்கிய இடத்தில் எழுதியவருக்கு முதுகு கூசும் என்று நீ சொல்வாய். உன் முதல் கதையை ஆன்றோ படித்தபோது ஒரு வரியில் மூன்று தடவை தடுக்கினானே, நீ அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டு மறுநாள் அந்தப் பக்கத்தையே கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா. அந்தக் கதைக்குப் போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் போட்டிக்குக் கடைசித் தேதி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நீ அதை முடித்தே இருக்க மாட்டாய். வகுப்பில் பரீட்சை தேதி சொன்ன பிறகுதான் சில பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டையே போடுவார்கள், அந்த மாதிரி.

போன வருடம் மதுரையில் ஓர் அமைப்பு நடத்திய சிறுகதைப் போட்டிக்கு நாலு பேரும் அனுப்புவது என்று முடிவு செய்தோம். அதற்கு முந்தைய வருடம் ஒருவருக்கும் ஆறுதல் பரிசுகூட வரவில்லை. இந்தத் தடவை விடக் கூடாது, ஒருவருக்கொருவர் இன்னும் நன்றாக உதவி செய்வோம் என்று ஆசைப்பட்டோம். கெட்டது அங்கேதான். பேனாவை எடுத்துவிட்டோம். ஒரு கதையை நாலு பேரும் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரவருக்குப் பிடித்தபடி திருத்தினோம். நான் வாக்கியங்களைத் திருத்தினேன், செல்லக்கிளி ஆரம்பங்களை மாற்றினாள், கிருபை முடிவுகளை எழுதிக் கொடுத்தாள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் கிருபையின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது உனக்குத் தெரியும். அதிலிருந்து அவள் கை வைத்த முடிவில் எல்லாம் மழை வந்துவிடும். வருடம் முழுக்க வெயில் காயும் இந்த ஊரிலிருந்து போன நாலு கதையும் மழையில் முடிந்தது. எங்களுக்கு அது தெரியவே இல்லை, ஒவ்வொன்றாகப் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் வகுப்பில் ஒரு தடவை எல்லோரையும் காக்கா வரையச் சொன்னேன், நன்றாக வரையத் தெரிந்த ஒருத்தி பாவம் பார்த்து எல்லோருக்கும் வரைந்து கொடுத்துவிட்டாள். நாற்பது தாளிலும் ஒரே காக்கா. அதே கதைதான்.

போட்டிக்காரர்கள் மரியாதையாகவே பதில் எழுதியிருந்தார்கள். ஒரே முகவரியிலிருந்து நாலு பெயரில் வந்த கதைகளும் ஒருவரே எழுதியதாகத் தெரிகிறது, ஒருவருக்கு ஒரு கதை என்பது விதி, அதனால் நான்கையும் பரிசீலிக்கவில்லை என்று. அவர்கள்மேல் தப்பே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆன்றோவின் கதை, கடலுக்குப் போய்த் திரும்பாத அவன் அண்ணனைப் பற்றியது. முதலில் அவன் எழுதியதில் அண்ணன் வள்ளத்தில் ஏறும்போது எப்போதும் இடது செருப்பை மட்டும் கரையில் விட்டுவிட்டுப் போவான் என்று ஒரு வரி இருந்தது. காரணம் ஏதும் சொல்லப்படவில்லையே என்று நாங்கள் எடுத்துவிட்டோம். ஆன்றோ தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், எங்கண்ணன் கதையில எங்கண்ணனையே காணல. யாரோ ஒருத்தன் மழையில நனைஞ்சிட்டு நிக்கான். அவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றான். கிருபைக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ கேட்டதாலதாமுல எழுதிக் குடுத்தேன், என் பிள்ளைக்குக் காய்ச்சல்னுகூடப் பாக்காம எழுதினேன்" என்றாள். அவன், "கேட்டேன், இல்லைங்கல. அதான் என் வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனவன்தான், இன்றுவரை வரவில்லை. ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பார்த்தேன். எழுதுகிறாயா என்று கேட்டதற்கு, "நேரமில்ல டீச்சர்" என்று சொல்லி எனக்கு இரண்டு ஊளி மீன் வாங்கிக் கொடுத்தான். கிருபையும் நின்றுவிட்டாள். இனி யார் கதையிலும் கை வைக்க மாட்டேன், என் கதையிலும்தான் என்று சொல்லி அனுப்பினாள். துறைமுகத்தைவிட்டுக் கப்பல் கிளம்பும்போது பைலட் ஏறி வழி சொல்லிவிட்டு, வெளியே போனதும் ஏணியில் இறங்கிவிடுகிறாரே, கொழும்புவரை கூடவே போவதில்லையே. இங்கே கப்பல் ஆபீசில் இருந்தபோது அதை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். எங்களுக்கு இறங்கத் தெரியவில்லை.

மிஞ்சியது செல்லக்கிளி ஒருத்திதான். யாரிடமும் காட்டாமல் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரு கதை எழுதியிருக்கிறாள். அதே போட்டிக்கு இந்த வருடமும் அனுப்ப வேண்டுமாம், வரும் மாதக் கடைசி அதற்குத் தேதி. "இதுதான் டீச்சர் கடைசி. யாராவது படிச்சு நான் கேக்கணும், கேட்டுட்டா எனக்கே தெரிஞ்சிரும். தேறலைன்னா விட்ருதேன், வீட்லயும் ஏச்சுதான்" என்கிறாள். நான் படிக்கலாம், அவள் சுவரைப் பார்த்து உட்காரலாம், கேட்டுவிட்டுப் பேச மூன்றாவது ஆள் வேண்டுமே. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இரண்டாவது பக்கத்தில் குறட்டை, அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். எழுப்பிக் கேட்டதற்கு, "ஏளா, நல்லாத்தானே இருக்கு, பிள்ளைய ஏன் போட்டு உருட்டுத" என்றார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாடியையும் அவர் கேட்கிறார், சரக்கு வைக்க இடமில்லை, அடுத்த மாதம் கயிற்றுக் கட்டுகளை மேலே ஏற்றப் போகிறாராம். நான் மறுக்கவில்லை. ஆளில்லாத இடத்தைப் பூட்டி வைத்து என்ன செய்ய.

போன தீபாவளிக்கு நீ பேசியபோது, "விட்ருங்கம்மா, இப்ப யாரு கதை படிக்கா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். நீயும் அங்கே போய் ஒரு வரி எழுதவில்லை என்று சண்முகப்ரியா சொன்னாள். அதற்காக நான் உன்னை எழுதச் சொல்லவில்லை. கூட்டம் மறுபடி கூடும், ஆன்றோ வருவான் என்றெல்லாம் நினைத்தும் இதை எழுதவில்லை. செல்லக்கிளியின் கதை பரிசு வாங்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு, உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், போன் செய். நீ படி, நான் கேட்கிறேன், அவள் சுவரைப் பார்த்து உட்காரட்டும். மூன்று பேர் ஆகிவிடும். நீ பேசாவிட்டால் நான் படித்துக் காட்டிவிட்டு விளக்கை அணைத்துச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன், உன்மேல் வருத்தம் இருக்காது. செல்லக்கிளியிடம் நீ பேசுவாய் என்று சொல்லவில்லை. சொல்லி ஏமாற்ற மனம் வரவில்லை.

வெறும் காலோடு தரையில் நடக்காதே, குட்டிப்பயலுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல், தமிழில் அதட்டு, அப்படியாவது நாலு வார்த்தை பழகட்டும். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிடாதே. படிப்பதாக இருந்தால், முன்கூட்டியே படித்துப் பார்த்துச் சரளமாக்கிக்கொண்டு வராதே. தடுக்கினால் சமாளிக்காமல் தடுக்கு. அந்தப் பிள்ளை அதைக் கேட்கத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. சீனித்தாய்
தூத்துக்குடி