செக்கர் கடித்த வலை

மச்சான்,

நேற்று ஸ்டெல்லா பரணைச் சுத்தம் செய்தாள். அவள் ஏணியில் நின்று ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, நான் கீழே நின்று வாங்கி வைத்தேன். பழைய பாய், கிழிந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஓடாத மிக்ஸி. கடைசியாக என் தோல் பை வந்தது. கண்டக்டராக இருந்த காலத்தில் தோளில் தொங்கிய அதே பை. வெயிலில் காயவைக்கலாமென்று திறந்தபோது அதன் மூடியைப் பார்த்தேன். ஓரத்தில் பிறை வடிவத்துக்குக் கடிபட்டிருந்தது. பல் பதிந்த கோடுகள்கூட அழியவில்லை. விரலால் தடவிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் ஸ்டெல்லா.

"செக்கர்" என்றேன்.

அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து பையை வாங்கிப் பார்த்தாள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. நமக்குள் மச்சான் உறவு பிற்பாடுதான் வந்தது. அதற்கு முன்னால் நாம் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. உன் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகும் என்னால் உன்னை "நீங்க" என்று கூப்பிட முடியவில்லை. உன் அம்மா அதற்காக என்னைக் கோபித்துக்கொண்டபோது நீதான், "வுடும்மா, வாய்ல வரலைன்னா என்னா பண்ணுவான்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு 2004 கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தது. மறுநாள் காலையில் கடல் உங்கள் குப்பத்துக்குள் வந்தது. உன் வீடு போயிற்று, படகு போயிற்று. மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்த உன் மனைவி அமலாவும் போனாள். அவளை அடக்கம் செய்துவிட்டு நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது உன்னிடம் இருந்தது ஒரு சாக்கு மூட்டை மட்டும். பனைமரங்களில் சிக்கிக் கிடந்த உன் வலையை அறுத்து அதில் திணித்துக் கொண்டு வந்திருந்தாய்.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உப்பளம். அந்த மாதம் பாத்திகளில் எல்லாம் சேறும் கடல்தண்ணீரும் கலந்து நின்றன. சாயங்காலத்தில் கொல்லைப்புறத்திலிருந்து பார்த்தால் வானம் தரையில் இறங்கிப் பாத்தி பாத்தியாகக் கிடப்பதுபோல இருக்கும். நீ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வலைச் சிக்கலைப் பிரித்துக்கொண்டே இருப்பாய். பேச மாட்டாய். சோற்றை வைத்தால் சாப்பிடுவாய், வைக்காவிட்டால் கேட்க மாட்டாய்.

ஒருநாள் அங்கிருந்து உன் குரல் கேட்டது. "மாப்ள, இங்க வந்து பாரேன்."

வலை மூட்டைக்குள் கந்தலும் வைக்கோலுமாக ஒரு கூடு. அதில் ஒரே ஒரு எலிக்குஞ்சு.

"தூக்கிப் போடு" என்றேன்.

"கண்ணே தொறக்கல" என்றாய். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, பால் இருக்குதா?" என்று கேட்டாய். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நீ வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அதுதான். உன் தங்கை பஞ்சுத் திரியும் பாலுமாக ஓடி வந்தாள். எலியைக் கண்டால் கட்டையைத் தூக்குகிற வலைக்காரன், உள்ளங்கையில் ஒன்றை வைத்துத் திரியால் பால் தொட்டு ஊட்டினான். எங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை, அருவருப்பும் வரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றோம்.

அது வளர்ந்தது. ஆணியில் தொங்கும் என் காக்கிச் சட்டையில் ஏறி மேல்பாக்கெட், பக்கப் பாக்கெட் என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கும். பிறகு தோல் பைக்குள் இறங்கும். "இவன் செக்கரு மாப்ள. டிக்கெட்டு கேக்கறான் பாரு" என்றாய். உன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர்.

பகலில் செக்கர் உத்தமன். உன் சட்டைப் பையில் சுருண்டு தூங்குவான். நீ உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனால் உன்னோடு அவனும் வருவான். ராத்திரியில்தான் அவன் ராஜ்ஜியம். அடைத்து வைத்த கோழிக்கூண்டின் கம்பியைப் பல்லால் இழுத்து இழுத்து விடுவான், கம்பி ஒரு சுரத்தில் அதிரும். திறந்துவிட்டால் கூரைத் தகரத்துக்கு அடியில் ஓடுவான். பொரி டப்பா மூடியை உருட்டிக்கொண்டு வீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவான். பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தால் போதும், மழை பெய்வதுபோல விடிய விடியச் சரசரப்பு. திண்டிவனத்துக்குப் போகும் முதல் வண்டி எனக்கு. விடியுமுன் எழுந்திருக்க வேண்டியவன், கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பேன். நீ மட்டும் அந்த இரைச்சலின் நடுவில் குழந்தையைப்போலத் தூங்குவாய்.

ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே நான் தூங்கிவிட்டேன். பெருமுக்கலில் இறங்க வேண்டிய ஒரு அம்மா கூடையோடு வெகுதூரம் போய்விட்டாள். "ஏம்பா, விசிலடிக்கத்தான உன்ன வெச்சிருக்குது" என்று அவள் கத்தியதில் வண்டியே திரும்பிப் பார்த்தது. முதலாளி கூப்பிட்டு, இனி ஒருமுறை நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். "மச்சான், அத எங்கனா வுட்டுடு. எனக்கு வேல போயிடும்."

"சரிப்பா" என்றாய். அவ்வளவுதான்.

மறுநாள் நான் வேலை முடிந்து திரும்பியபோது கூண்டையும் காணோம், உன்னையும் காணோம். உப்பளத்துக் கொட்டகையில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாய் என்றாள் ஸ்டெல்லா. அவள் என்மேல் கோபப்படவில்லை. "அண்ணா தூங்கல போலங்க. பாத்துட்டு வாங்களேன்" என்று மட்டும் ஓரிரு நாள் கழித்துச் சொன்னாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வரப்பு மேலேயே நடந்து வந்தேன். இரண்டு பக்கமும் பாத்திகள் சிவந்து கிடந்தன. உப்புக் குவியல்கள் தூரத்தில் வெள்ளை வெள்ளையாக, யாரோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தன. நீ கொட்டகை வாசலில் இருந்தாய். கண்கள் குழிந்திருந்தன. செக்கர் உன் தோளில்.

"ஏன் மச்சான் இங்க வந்த? அத வுடச் சொன்னேன். உன்னப் போவச் சொல்லல."

"அது தனியா இருக்காது மாப்ள."

"இந்த சத்தத்துல நீ எப்பிடித்தான் தூங்கற?"

"சத்தம் இருந்தாத்தான் தூங்கறேன்" என்றாய். கொஞ்ச நேரம் எலியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய். "உனக்குக் கேக்கறதில்லையா? கடலு. ஊரு அடங்குனதும் அது ஆரம்பிச்சிடும். அவ கூப்புடற மாரியே இருக்குது. இவன் பக்கத்துல எதையாச்சும் கொறிச்சிக்கினு இருந்தா அது தூரமாப் போயிடும். இங்க கடலு ரொம்பக் கிட்ட. இவன் சத்தம் பத்தல."

நான் பிறந்து வளர்ந்தது அந்தக் கரையில்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக நின்று கேட்டேன். உப்பளத்துக்கு அப்பால், சவுக்குத் தோப்புக்கும் அப்பால், பெரிதாக ஏதோ ஒன்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். "வா" என்றேன்.

முதல் வண்டியை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துப் பகல் வண்டிக்கு மாறிக்கொண்டேன். போகப்போக அந்தச் சத்தம் என் தூக்கத்துக்குள்ளேயும் வந்துவிட்டது. கனவில் என் பஸ் உப்பளத்துத் தண்ணீர் மேல் ஓடும். சக்கரம் நனையாது. ஜன்னலோரத்தில் நீயும் அமலாவும் உட்கார்ந்திருப்பீர்கள். சீட்டுச் சீட்டாகத் தாவி செக்கர் டிக்கெட் கேட்டுக்கொண்டு வருவான். உங்களிடம் வந்ததும் கேட்காமல் போய்விடுவான். விழித்தால் பொரி டப்பா உருளும் சத்தம். திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நிவாரணத்தில் உனக்கும் ஒரு படகு கொடுத்தார்கள். தார்ப்பாய் போர்த்திக் கரையில் கிடந்தது. குப்பத்து ஆட்கள் வந்து, "எப்ப எறங்கற?" என்று கேட்டால், "வலை முடியட்டும்" என்பாய். மழைக்காலம் வந்து உப்பு வேலை நின்றதும் வீட்டில் உட்கார்ந்து புது வலை கட்டினாய். பகலில் நீ கட்டுவாய், ராத்திரியில் செக்கர் கடிப்பான். காலையில் ஓட்டையைத் தேடிப் பிடித்துப் பின்னுவாய். அதற்குள் அடுத்த ராத்திரி வந்துவிடும். வலை வளரவே இல்லை.

"கூண்டு நாதாங்கி சரியில்ல, மாத்தணும்" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"நாதாங்கி நல்லாத்தான் இருக்குது. அண்ணாதான் தொறந்து வுடுது" என்றாள். "நீங்க சும்மா இருங்க. வலை முடிஞ்சா கடலுக்குப் போவணும் இல்ல?"

நான் சும்மா இருந்தேன்.

அடுத்த வருடம் செக்கருக்கு வயதாகிவிட்டது. முடி உதிர்ந்து, பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தான். கூண்டைத் திறந்து வைத்தாலும் வெளியே வர மாட்டான். ஒருநாள் காலையில் நீ வலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாய். பிறகு மடியில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணும் இல்ல மாப்ள" என்றாய். ஏதோ தொலைத்துவிட்டவனைப்போலச் சொன்னாய். மறுநாளும் ஒன்றும் இல்லை. அதற்கும் மறுநாள் இல்லை. வலை தானாக நீண்டுகொண்டு வந்தது.

மிதவை கோத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், உன் சட்டைப் பைக்குள்ளேயே அவன் அடங்கிப்போனான். வேப்பமரத்தடியில் குழி தோண்டினாய். மண்ணைத் தள்ளி மூடியதும் அப்படியே குப்புற விழுந்து அழுதாய். அமலாவை அடக்கம் செய்தபோது உன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாய். ஓடப்போன என்னை ஸ்டெல்லா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வலையும் முடிந்தது. கடலுக்குப் போகிற அன்று கரைவரைக்கும் வந்து வழியனுப்பலாமென்று வந்தேன். நீ படகைத் தொட்டுக்கொண்டு நின்றாய். மற்ற படகுகள் எல்லாம் போய்விட்டன. "மாப்ள, நீயும் வாயேன்" என்றாய். படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்பது உனக்குத் தெரியும். ஏறினேன். இஞ்சின் கயிற்றைப் பிடித்தாய், இழுக்கவில்லை. பழக்க தோஷத்தில், "ரைட், போலாம்" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சிரித்தாய். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்துச் சிரிப்பு.

அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீ இஞ்சினை நிறுத்தியிருந்தாய். வெயில் இன்னும் ஏறவில்லை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். படகு எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லை.

"கேளு" என்றாய்.

"என்னத்த கேக்கறது? ஒண்ணும் கேக்கலையே."

"அதான். அலை தாண்டுனா சத்தமே இல்ல. நான் மறந்தே பூட்டேன் மாப்ள."

அன்று மீன் பெரிதாக ஒன்றும் படவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவன் எந்தச் சத்தத்தின் துணையும் இல்லாமல் தூங்கினாய். அதன் பிறகு நீ கடலை விடவே இல்லை. போன வருடம் நெஞ்சுவலி என்று பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஸ்டெல்லாவிடம், "ஏதாவது சாப்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "ராத்திரி தூங்குனியா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

உன்னோடு இருந்த அந்த இரண்டு வருடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் மச்சான் இது. இப்போதெல்லாம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நான் அதைத்தான் கேட்கிறேன். சிலர் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். யாராவது ஒருவர், "இல்லண்ணா, தூக்கமே வரல" என்று மெல்லச் சொன்னால், உடனே கிளம்பிவிட மாட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறேன். பஸ் கதை, ஊர்க் கதை, வாய்க்கு வந்தது. அவர்கள் கண் அயர்கிற வரைக்கும்.